நாற்பது எழுத்துக் கட்டம்

கனி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நானூற்றுப் பன்னிரண்டு பார்ட்டுகள் இருந்தன. அதில் முந்நூற்று எழுபத்தொன்று உலகத்திலேயே இல்லாதவை.

இது முதலாளி முகம்மது கனிக்குத் தெரியாது. அவருக்கு மொத்தம் மட்டும் தெரியும். தென்காசியில் ஸ்டெபிலைசர் செய்கிற வேறு எவராவது எதிரே மாட்டினால், "எங்ககிட்ட கம்ப்யூட்டர்ல நானூத்திப் பன்னெண்டு பார்ட்டு கெடக்கு. உம்மகிட்ட எத்தன கெடக்கு?" என்பார். எதிராளி முழிப்பார். பார்ட்டை எண்ணி வைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு ஸ்டெபிலைசருக்கு நாற்பத்தொரு விதமான சாமான் போதும். மிச்சத்தை உண்டாக்கியது இரண்டு பேர். ஒருத்தி கனியின் தம்பி பெண்டாட்டி மெஹர் பானு. இன்னொருத்தன் அந்தத் தம்பி மசூது. அவன் துபாயில் ஒரு எலக்ட்ரானிக் சாமான் கடையில் வேலை பார்த்தான்.

எண்பத்தாறில் லீவுக்கு வந்தபோது அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவனும் அவன்தான். திருவனந்தபுரம் கஸ்டம்ஸில் அதை டிவி என்று எழுதினார்கள். வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் வாப்பா சேக் மைதீன் கேட்ட முதல் கேள்வி, "இதுல நியூஸ் வருமா?"

"வராது வாப்பா."

"அப்ப என்னத்துக்கு?"

சர்க்யூட் படம் போட என்று மசூது விளக்கினான். திரையில் கோடு கோடாக வரையலாம். வேண்டிய பார்ட்டை லைப்ரரியிலிருந்து கூப்பிட்டு வைக்கலாம். வரைந்து முடித்து ஒரு பட்டனை அமுக்கினால் எந்தச் சாமான் எத்தனை வேண்டும் என்று பார்ட்ஸ் லிஸ்ட் தானாக அச்சாகி வரும். லைப்ரரியில் இல்லாத பார்ட்டை நாமே செய்து சேர்க்கலாம்: பெயர், மதிப்பு, எத்தனை கால், கடைசியில் குறிப்பு எழுத நாற்பது எழுத்துக்கு ஒரு கட்டம். எந்தக் கடை, என்ன விலை என்று எழுதிக்கொள்ளத்தான் அந்தக் கட்டம். வீட்டில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள் மெஹர் பானு ஒருத்திதான் என்பதால் பெட்டியைப் பின்கட்டில் வைத்து அவள் தலையில் கட்டிவிட்டு மசூது விமானம் ஏறினான். கல்யாணமான நாலு வருசத்தில் அவர்கள் சேர்ந்து இருந்தது மொத்தம் நூற்றியொரு நாள்.

அந்த வீட்டில் துபாய்க் கடிதம் ஒரு பொதுச் சொத்து. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சேக் மைதீன் நடுக்கூடத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, கடிதத்தைப் பள்ளிவாசல் வரை கேட்கும் குரலில் வாசிப்பார். பதில் கேசட்டில் போகும். டேப்ரெக்கார்டரை நடுவில் வைத்து மாமனார், மாமியார் சைதூன் பீவி, கனி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் பேசி முடித்தபின், நாடா தீரப் போகிற நேரத்தில், "ம், நீ பேசுட்டி" என்று மாமியார் மைக்கை நீட்டுவாள். சுற்றி ஆறு பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"நல்லாருக்கேன். ஒடம்பப் பாத்துக்கோங்க."

பன்னிரண்டு கேசட்டில் பன்னிரண்டு தடவை இதையே சொல்லியிருந்தாள். பதிமூன்றாவதில் வேறு யாராவது சொல்லியிருந்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது என்றுதான் அவள் நினைத்தாள்.

மசூதுக்குத் தெரிந்தது. கம்பெனிக்கு வேண்டிய ரிலேயும் ஐ.சி.யும் அவன்தான் துபாயிலிருந்து வாங்கி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவான். கூடவே லைப்ரரி டிஸ்க்கும் வரும், போகும். ஒரு தடவை வந்த டிஸ்க்கில் 4.19 மைக்ரோ என்று ஒரு கப்பாசிட்டர் புதிதாக இருந்தது. அப்படி ஒன்றை எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. என்ன இது என்று திறந்து பார்த்தாள். குறிப்புக் கட்டத்தில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: "தலைவலியா? குரல் சரியில்லையே."

அன்றைக்குத் தலைவலிதான்.

மெஹர் பானு ரொம்ப நேரம் அந்தக் கப்பாசிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உலகத்தில் இல்லாத ஒரு ரெசிஸ்டரைச் செய்து அதன் கட்டத்தில், "இப்ப இல்ல" என்று எழுதினாள்.

கப்பாசிட்டர் என்றால் அவன், ரெசிஸ்டர் என்றால் அவள். அப்படித்தான் வழக்கமாகிவிட்டது. உபயோகத்தில் இருக்கிற பார்ட்டைக் கனி மச்சான் என்றைக்காவது திறந்து பார்த்தாலும் பார்ப்பார். இல்லாத பார்ட்டை யார் தேடப் போகிறார்கள்? பழசை இருவருமே அழித்ததில்லை. ரூமில் எட்டுப் பேர், ஒரு ஃபேன் என்று அவன் எழுதுவான். குற்றாலத்தில் தண்ணி விழுந்துவிட்டது, ஊரே குளிக்கப் போயிருக்கிறது, நான் ரிலே எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று இவள் இரண்டு ரெசிஸ்டருக்கு எழுதுவாள். ஒருமுறை சண்டைகூட போட்டார்கள். ஆள் போய்த் திரும்பி வர ஒரு மாதம் என்பதால் அந்தச் சண்டை நாலு மாதம் நடந்தது. பாதியில் எதற்காக ஆரம்பித்தது என்று இருவருக்கும் மறந்து, பழைய பார்ட்டைத் திறந்து பார்த்துத் தொடர வேண்டியிருந்தது.

சாரல் காலத்தில் டிஸ்க்கில் பூசணம் பிடிக்கும். அதற்காக அலமாரிக்குள் ஒரு பல்பை இரவும் பகலும் எரியவிட்டிருந்தாள். "கம்பெனிச் சொத்து மேல இந்தப் புள்ளைக்கு எவ்வளவு அக்கறை!" என்று கனி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

எண்பத்தெட்டு ஜூனில் வந்த டிஸ்க்கில் ஒரே ஒரு கப்பாசிட்டர்தான் புதிது.

"17 ஜூலை காண்ட்ராக்ட். வந்துரவா? நீ சொல்லு."

புதுப்பித்தால் மேலும் மூன்று வருசம். மாடிக்குத் தளம் போடும்வரை அவன் அங்கேயே இருக்க வேண்டும் என்பது வீட்டில் எல்லாருடைய முடிவு. வாப்பா கேசட்டில் அதை இரண்டு தடவை சொல்லியிருந்தார். மெஹர் பானுவின் முடிவை யாரும் கேட்கவில்லை. கேட்டவன் ஒருத்தன்தான், அதுவும் கப்பாசிட்டர் வழியாக.

பதில் எழுத அவளுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. மாடி, மாமனார், வந்தால் இங்கே என்ன செய்வான் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து குறுக்கே நின்றன. கடைசியில் ஒரு ரெசிஸ்டர் செய்து, ஒரே வார்த்தை எழுதினாள்: "வந்துருங்க." நாற்பது எழுத்தில் பாதிக்கு மேல் காலியாகவே கிடந்தது. நிரப்ப இன்னும் எவ்வளவோ இருந்தது, நிரப்பவில்லை.

டிஸ்க்கைக் கொண்டுபோக ஆள் தயார். மேலத்தெரு ஆதம் வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறான். சனிக்கிழமை மசூது கையில் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பதினேழாம் தேதி.

புதன்கிழமை பண்பொழியிலிருந்து ஆள் வந்தது. மெஹர் பானுவின் உம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். டிஸ்க்கை உறையில் போட்டு, கம்பெனியில் சால்டரிங் வேலை பார்க்கும் நாறும்பூநாதனிடம் ஒப்படைத்தாள்.

"ஆதம் வந்தா இதக் குடுத்துருங்க நாறும்பு. மறந்துராதீங்க."

"உசிரு போனாலும் குடுத்துருவேங்கா."

நாறும்பூநாதன் அப்படிப்பட்ட ஆள்தான். சட்டையின் கழுத்துப் பட்டன்வரை போட்டிருப்பான். பெண்கள் பேசினால் பதிலைச் சுவருக்குச் சொல்லுவான்.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள், பர்தாவைக்கூடக் கழற்றாமல் பின்கட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். அந்த ஒரு வார்த்தையை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது. ரெசிஸ்டர் இருந்தது. கட்டம் காலியாக இருந்தது.

இன்னொன்றைத் திறந்தாள். காலி. கப்பாசிட்டர்களைத் திறந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பார்ட்டும் அதனதன் இடத்தில் இருந்தன. ஒன்றிலும் ஒரு எழுத்து இல்லை. அலமாரியில் இருந்த இன்னொரு டிஸ்க்கைப் போட்டாள். அதுவும் அப்படியே.

"நாறும்பு! இங்கன வாங்க. லைப்ரரில கை வச்சீங்களா?"

அவன் வாசலிலேயே நின்றான். "சுத்தம் பண்ணுனேங்கா. ஸ்டெபிலைசர் கேட்ட லாட்ஜ்காரருக்கு லிஸ்ட் அடிக்கணும்னு மொதலாளி சொன்னாங்க."

"ரெண்டு டிஸ்க்லயுமா?"

"ஒண்ணுல எது செஞ்சாலும் ஒடனே இன்னொண்ணுலயும் செய்யணும்னு நீங்கதான எழுதி ஒட்டிருக்கீங்க."

ஆமாம். அவள் எழுதி ஒட்டியதுதான்.

"ஆதம்கிட்ட?"

"அதையும் சுத்தம் பண்ணித்தாங்கா குடுத்தேன்" என்றான் சுவரிடம்.

மசூது அதைத் திறந்து பார்க்கிற நேரம் அவளுக்கு அப்போதே கண்ணில் தெரிந்துவிட்டது. கேட்டதற்குப் பதில் இல்லாமல் போனால்கூடப் பரவாயில்லை. இரண்டு வருசத்தில் பேசிய ஒவ்வொன்றும், அவன் தலைவலி கேட்டது உட்பட, துடைத்து அனுப்பப்பட்டிருக்கிறது. வந்துரவா என்று கேட்டவனுக்கு ஒரு பெண்டாட்டி இதைவிட முழுசாக எப்படிப் பதில் சொல்ல முடியும்?

தந்தி அடிக்கலாம். ஆபீஸ் காலையில்தான் திறக்கும். வெளிநாட்டுத் தந்தி போய்ச் சேர இரண்டு நாள். தவிர, அங்கே உட்கார்ந்திருப்பவர் மாமனாரோடு தினமும் சாயா குடிக்கிறவர். தந்தி பம்பாயைத் தாண்டுமுன் செய்தி சாயாக்கடையைத் தாண்டிவிடும். மிச்சமிருந்தது டெலிபோன். கையெழுத்து நாள் என்பதால் மாமனார் துபாய்க் கடைக்கு டிரங்க்கால் போட ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு. துபாயில் அப்போது ஒன்பது. கடை திறக்கிற நேரம்.

பத்து மணிக்கே மெஹர் பானு டெலிபோன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அரைக்கீரை ஆய ஆரம்பித்தாள். பத்தரை ஆயிற்று. மணி அடிக்கவில்லை. பதினொன்றுக்குச் சேக் மைதீன் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டார். "பம்பாய் லைன் கெடைக்கலையாம்." பதினொன்றரைக்கு மெஹர் பானுவே, "மாமா, இன்னொரு தடவ கேட்டுப் பாருங்களேன்" என்றாள்.

"பாத்தியா சைதூன், ஒன் மருமவளுக்கு அவசரத்த!" என்று அவர் சிரித்தார். அவருக்கு அன்று நல்ல மனநிலை.

கீரை தீர்ந்தது. ஆய்ந்ததையே மறுபடி ஆய்ந்தாள். பன்னிரண்டுக்கு டெலிபோன் அடித்தது. ராங் நம்பர், யாரோ சுரண்டை மிளகாய் மண்டிக்குக் கேட்டார்கள். சேக் மைதீன் அவர்களிடம் மிளகாய் விலை விசாரித்துக்கொண்டிருந்த இரண்டு நிமிசமும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்று இருபதுக்கு லைன் வந்தது.

"ஹலோ! மசூதா? வாப்பா பேசுதேன்! கையெழுத்துப் போட்டியாலே?... போட்டுட்டியா! அல்ஹம்துலில்லாஹ்!" ரிசீவரைப் பொத்திக்கொண்டு எல்லாருக்கும் சொன்னார். "காலைலயே போட்டுட்டானாம். மூணு வருசம்."

சைதூன் பீவி இரண்டு கையையும் ஏந்தி முகத்தில் தடவிக்கொண்டாள். கனி புது ரிலே இருபத்தைந்து கேட்டார். மாமியார் ஒடம்பு, சாப்பாடு, தொழுகை மூன்றையும் விசாரித்தாள். கடைசியில் ரிசீவர் மெஹர் பானுவிடம் வந்தது.

"நல்லாருக்கியளா?"

"ம்."

"டிஸ்க் வந்துதா?"

"வந்துது." குரல் கடைக்காரன் குரலாக இருந்தது. "பாத்தேன். எல்லாம் சுத்தமா இருந்துச்சு."

"அத நான் அழிக்கல."

லைனில் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"நான் பண்பொழில இருந்தேன். உம்மாக்குக் காலு ஒடிஞ்சு போச்சு. நாறும்பு அழிச்சிருக்காரு. எனக்கு நேத்து சாயங்காலந்தான் தெரியும்."

"கம்பெனி வெசயத்த இப்பவா பேசணும்? மணி ஓடுதுல்லா?" என்றார் கனி.

"அப்ப..." மசூதின் குரல் தடுமாறியது. "நீ எளுதிருந்தியா?"

"எளுதிருந்தேன்."

"என்னன்னு?"

மெஹர் பானு நிமிர்ந்து பார்த்தாள். மாமனார் நாற்காலியில் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். மாமியார் வழக்கம்போல அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லாருக்கேன், ஒடம்பப் பாத்துக்கோங்க என்று சொல்ல வேண்டிய இடம் அது.

"வந்துருங்கன்னு எளுதிருந்தேன்" என்றாள்.

ஆட்டிக்கொண்டிருந்த கால் நின்றது.

"இனிமே போவ வேண்டாம், வந்துருங்கன்னு எளுதிருந்தேன். அவ்வளவுதான்."

"ஒம்போதரைக்குப் போட்டேன் மெஹர்" என்றான் அவன். எல்லார் முன்னாலும் ஒலிக்கிற டெலிபோனில் அவள் பெயரை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. "பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுட்டாங்க. நான் நெனச்சேன், நீ..."

"மூணு நிமிசம் ஆச்சு" என்று ஒரு பெண் குரல் இங்கிலீஷில் சொன்னது. பிறகு அந்தக் கடல் சத்தமும் இல்லை.

கனி, "என்ன வந்துருங்க? எந்தப் பார்ட்டச் சொல்லுதா?" என்று மெதுவாகக் கேட்டார். சேக் மைதீன் எழுந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார். அடுத்த தொழுகைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. சைதூன் பீவி உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டம்ளர் சாயாவோடு வந்து மருமகள் பக்கத்தில் வைத்துவிட்டு, கீரையை அள்ளிக்கொண்டு போனாள். அந்த வீட்டில் மருமகளுக்கு மாமியார் சாயா போட்டது கிடையாது. அதில் சர்க்கரை போட மறந்திருந்தாள்.

திங்கட்கிழமை மெஹர் பானு பின்கட்டில் நாறும்பூநாதனை எதிரே நிறுத்தினாள்.

"உள்ளதச் சொல்லுங்க. சுத்தம் பண்ண ஒங்ககிட்ட யாரு சொன்னா?"

அவன் சுவரைப் பார்த்தான். வெளியே குற்றாலத்துப் பக்கமிருந்து சாரல் வந்து ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"லிஸ்ட் அடிக்கச் சொன்னாங்கல்லா. எனக்கு ஒங்களமாரி குறிப்ப விட்டுட்டு அடிக்கத் தெரியலக்கா. லைப்ரரி முழுசும் அச்சாயி வருது, கடகடன்னு. நாலு பக்கம் வந்தப்பறந்தான் என்னன்னு பாத்தேன். நீங்களும் சின்ன மொதலாளியும் பேசுனது. அந்நேரம் பாத்து லாட்ஜ்காரரும் மொதலாளியும் பேசிக்கிட்டே பின்கட்டுக்கு வாராங்க. எனக்குக் கை காலு ஓடல."

"அதுக்கு?"

"பேப்பரக் கிழிச்சுக் கெணத்துல போட்டேன். கரண்ட் இல்லன்னு பொய் சொன்னேன். அப்பறம் நெனச்சேன், டிஸ்க்க ஆதம் கொண்டு போறான். அவன் ரூம்ல நாலு பேருக்குப் போட்டுக் காட்டுனா? ஒங்க பேரு என்னத்துக்கு ஆவும்? நம்ம வீட்டுப் பொம்பளயப் பத்தி ஒருத்தன் ஒரு சொல்லு சொல்லிரப் பிடாதுன்னுதான் அழிச்சேன். நான் பாத்தேன்னு ஒங்கட்ட எப்படிக்கா சொல்ல? அதான் சொல்லல."

மெஹர் பானுவுக்கு அவனைத் திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டுவதற்கு அவனிடம் ஒரு இடம்கூட அகப்படவில்லை.

"அவங்க கையெழுத்துப் போட்டுட்டாங்க நாறும்பு. மூணு வருசத்துக்கு."

அவனுக்கு விசயம் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அழிப்பதற்கு முன்னால் அந்த ஒரு வார்த்தையையும் அவன் படித்திருந்தான். லீவுக்கோ கல்யாணத்துக்கோ கூப்பிடுகிறாள் என்று நினைத்திருந்தான்.

"அக்கா" என்றான். "எனக்கு ஒரு வாட்டி படிச்சா மறக்காது. நாலு பக்கம் படிச்சது அப்படியே இருக்கு. வேணும்னா சொல்லுதேன். நீங்க அடிச்சுக்கிடுங்க."

அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். அவன் எழுந்து போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சால்டரிங் மேசைக்கு மேலே இருந்த ஜன்னலைப் பார்த்து நின்றான். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்தான்.

"4.19 மைக்ரோ. தலைவலியா, குரல் சரியில்லையே."

அவள் அடித்தாள்.

"3.07 கே. இப்ப இல்ல."

அடித்தாள்.

"6.61 மைக்ரோ. ரூம்ல எட்டுப் பேர். ஒரு ஃபேன். அது சுத்தும்போது ஒன் பக்கம் திரும்புத மாதிரி இருக்கு." அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "இது ரெண்டு பார்ட்டுல இருந்துச்சுக்கா."

ரயில்வே அறிவிப்பு மாதிரி அவன் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குரலில் மசூது அவளைக் கொஞ்சினான், கோபித்தான், பல்லு வலிக்கிறது என்றான். அவளே அவளுக்குப் பதில் சொன்னாள். திரை கலங்கித் தெரிந்தபோது எழுத்து தப்பிப் போய், அழித்து மறுபடி அடித்தாள்.

"5.23 கே. ஒங்க சட்டய நான் தொவைக்கவே இல்ல."

அடித்தாள்.

"8.87 கே."

சத்தம் வரவில்லை. அவள் காத்திருந்தாள். அவன் காது இரண்டும் சிவந்திருந்தது பின்னாலிருந்தே தெரிந்தது.

"சொல்லுங்க நாறும்பு."

"அது வேண்டாங்கா."

"பரவால்ல, சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன். அது நீங்க அவங்களுக்கு எளுதுனது. ஒங்களுக்குத்தான் தெரியுமே, நீங்களே அடிச்சுக்கிடுங்க."

மெஹர் பானு யோசித்தாள். கே என்றால் ரெசிஸ்டர். அவள் எழுதியதுதான். எப்போது எழுதினாள்? போன சாரலுக்கா, நோன்புக்கா? எதற்குப் பதிலாக? எல்லாம் லைப்ரரியில் இருக்கிறது என்று ஒன்றையும் அவள் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அந்நிய ஆண் ஒருவன் சொல்லக் கூசுகிற அளவுக்கு மசூதிடம் அவள் என்ன சொன்னாள்?

திரையில் நாற்பது எழுத்துக் கட்டத்தின் முதல் இடத்தில் கர்சர் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"அடிச்சுட்டீங்களாக்கா?" என்றான் நாறும்பூநாதன் ஜன்னலிடம். "அடுத்தது சொல்லட்டுமா?"

"இருங்க" என்றாள்.